ஐம்பது விழுக்காடு என்பது பாதியா?
2002ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் ஹைப்பர்திரெடிங் நுட்பத்தை அறிமுகப்படுத்தியது. இதனை நாம் மீயிழையாக்கம் எனலாம். செயலியின் உட்கரு ஒன்றே. இயங்குதளமோ அதனை இரண்டாக எண்ணுகிறது. ஓரடுப்பில் இருவர் சமைப்பதை இஃது ஒக்கும். ஒருவர் காய் நறுக்கும்போது மற்றவர் அடுப்பைப் பயன்படுத்தலாம், அடுப்பு இரண்டாகிவிடாது.

ஒவ்வோர் உட்கருவிலும் ஓர் இழை மட்டும் ஓயாது இயங்கினால் கணினி 50 விழுக்காடு பயன்பாடு எனக் காட்டும். ஆனால், இரண்டாம் இழையால் கிட்டும் கூடுதல் பயனாக இன்டெல் தொடக்கத்தில் அறிவித்தது 30 விழுக்காடு வரையே. அவ்வாறாயின் உண்மைப் பயன்பாடு ஏறத்தாழ 77 விழுக்காடு. பாதி எஞ்சியுள்ளதென நம்பி, இணையத் தேர்வில் மாணவர் எண்ணிக்கையை இரட்டித்தால் வழங்கி இடைநடுவே தடுமாறும். ஆகவே, செயலி இயங்கிய நேரத்தோடு, நொடிக்கு முடித்த பணியையும் நாம் அளத்தல் வேண்டும்.