முந்திக்கொள்ளும் நிரல்கள்

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் கொண்டுபோகிறவர்களுக்கு மறைமுக ஏலம் பழகிய சங்கதி. வியாபாரிகள் ஒருவர் விலை இன்னொருவருக்குத் தெரியாமல் கேட்பார்கள். நேரம் முடிந்தபின் எல்லா விலையும் ஒன்றாகத் திறக்கப்படும். கூடுதலாகக் கேட்டவருக்குக் குவியல் போகும். அடுத்தவர் விலையை முன்கூட்டியே எட்டிப்பார்க்க முடிந்தால் ஏலமே கெட்டுவிடும்.

யூனிஸ்வாப் போன்ற இடைத்தரகர் இல்லாத கிரிப்டோ சந்தைகளில் இந்த எட்டிப்பார்த்தல்தான் தொழிலாகவே நடக்கிறது. யூனிஸ்வாப் இயங்கும் எத்திரியம் என்னும் பிளாக்செயினில் நீங்கள் அனுப்பும் ஆர்டர் உடனே நிறைவேறாது. மெம்பூல் என்னும் பொதுக் காத்திருப்பு இடத்தில் முதலில் நிற்கும். ஆர்டர்களைத் தொகுத்து நிறைவேற்றும் பிளாக் சுமார் 12 விநாடிக்கு ஒன்று உருவாகிறது. அதற்குள் எந்த ஆர்டர் முதலில் என்பதைப் பெரும்பாலும் கட்டணமே தீர்மானிக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். சந்தையின் கையிருப்பில் எத்திரியத்தின் நாணயமான ஈதர் 100, டாலர் நாணயங்கள் 2,00,000. இவ்விரண்டின் பெருக்குத்தொகை மாறக்கூடாது என்பது விதி. நீங்கள் 20,000 டாலர் போட்டால் சுமார் 9.09 ஈதர் கிடைக்க வேண்டும். உங்கள் ஆர்டரை மெம்பூலில் பார்த்த ஒரு கணினி நிரல், கட்டணத்தைக் கூட்டிக் கொடுத்து, அதே 20,000 டாலருக்கு முந்தி வாங்குகிறது. விலை ஏறிவிட்டதால் உங்களுக்கு 7.58 ஈதர்தான் மிஞ்சும். அடுத்த கணமே அந்த நிரல் தன்னுடையதை விற்று 23,600 டாலர் எடுக்கிறது. கட்டணங்களைக் கழிக்காமல் 3,600 டாலர் லாபம். முன்னும் பின்னும் நெருக்குவதால் இதற்குச் சாண்ட்விச் தாக்குதல் என்று பெயர்.

தடுக்க எளிய வழி ஸ்லிப்பேஜ் வரம்பு, அதாவது எதிர்பார்த்த விலையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்று நீங்கள் வைக்கும் எல்லை. அதை 1 சதவீதம் என்று வைத்திருந்தால் மேலே சொன்ன வணிகம் ரத்தாகியிருக்கும். தோற்ற ஆர்டருக்கும் கட்டணம் போகும் என்பது தனி வயிற்றெரிச்சல். ஃப்ளாஷ்பாட்ஸ் ப்ரொடெக்ட் போன்ற சேவைகள் ஆர்டரை மெம்பூலுக்குக் காட்டாமல் பிளாக் கட்டுபவர்களிடம் நேரே சேர்க்கின்றன. ஆனால் அவர்களை நம்பியாக வேண்டும். கவ் ஸ்வாப் என்னும் சந்தை ஆர்டர்களைத் தொகுதியாகச் சேர்த்து, ஒரு தொகுதிக்குள் ஒரே ஜோடி நாணயத்துக்கு ஒரே விலை கொடுக்கிறது. முந்தி நின்றும் பயனில்லை என்பதால் இதுவே எனக்கு உருப்படியான தீர்வாகப் படுகிறது.

பங்குச் சந்தையில் இப்படி முந்துவது செபியின் 2003 விதிகளின்படி குற்றம். இந்தக் கிரிப்டோ சந்தைகளில் உங்களுக்கு அந்தக் காவல் இல்லை. கிடைக்கும் லாபத்துக்கு 30 சதவீத வரி மட்டும் 2022 ஏப்ரல் முதல் உண்டு.