கழுவிய கை உலரும் வரை

வார்டுகளில் நாள்தோறும் காணும் காட்சி இது. தாய்க்குக் கஞ்சி ஊட்டுவதற்கு முன் மகள் கழிப்பறைக்குச் சென்று, சோப்பிட்டுக் கைகளை நன்றாகக் கழுவுகிறார். துடைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. கைகளை இருமுறை உதறிவிட்டு, எஞ்சிய ஈரத்தை முந்தானையில் ஒற்றிக்கொண்டு, கதவைத் திறந்து விரைகிறார். அந்த முந்தானையோ காலையிலிருந்து பேருந்து இருக்கையையும் வார்டு நாற்காலியையும் தொட்டுவந்தது. அவர் கை கழுவியது வீண் என்று கூற இயலாது. ஆனால் அது பாதியில் நின்றுவிட்டது.

ஈரம் ஏன் பொருட்படுத்தத்தக்கது?

உலர்ந்த கையைவிட ஈரக் கையிலிருந்து கிருமிகள் எளிதாகப் பிற பொருள்களுக்குத் தாவுகின்றன. கழுவிய கையில் எஞ்சியிருக்கும் ஈரத்தின் அளவே, அக்கை தொடும் பொருளுக்குச் செல்லும் பாக்டீரியாக்களின் அளவைத் தீர்மானிக்கிறது என்று நியூசிலாந்து ஆய்வாளர்கள் 1997-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். கழிப்பறையின் கதவுப் பிடியிலிருந்து கிருமிகளைப் பற்றிக்கொள்வதற்கும் அதே ஈரம் துணைபுரிகிறது. கீமோதெரபி பெறுபவர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர், அறுவைக் காயம் ஆறாதவர் ஆகியோருக்கு இது சிறிய செய்தியன்று.

எதைத் தேர்ந்தெடுப்பது?

காகிதத் துவாலை இருப்பின் அதனையே முதலில் நாடுங்கள். அது ஈரத்தை விரைவாக உறிஞ்சுகிறது. துடைக்கும்போது ஏற்படும் உராய்வு, எஞ்சிய கிருமிகளையும் அகற்றுகிறது. விரல் இடுக்குகளையும் கட்டைவிரலையும் மறவாமல் துடையுங்கள். அதே காகிதத்தால் குழாயை மூடி, கதவைத் திறந்தபின் குப்பைத் தொட்டியில் இடுங்கள். கழிப்பறைக் கோப்பைக்குள் இட்டால் அடைப்பு ஏற்படும்.

வெப்பக் காற்றுக் கருவி மட்டுமே இருந்தால், கைகள் முற்றிலும் உலரும்வரை பொறுமையாக நில்லுங்கள். இதற்கு அரை நிமிடமோ அதற்கு மேலுமோ ஆகலாம். பாதியில் விலகி ஆடையில் துடைத்துக்கொள்வதே பலர் செய்யும் பிழை. அதன் வெப்பம் கிருமிகளைக் கொன்றுவிடும் என்ற எண்ணமும் தவறானது. அது ஈரத்தை மட்டுமே போக்கும்.

அதிவேகக் காற்றைப் பீய்ச்சும் கருவி விரைவாக உலர்த்தும். ஆயினும் கையிலுள்ள நீர்த்துளிகளைச் சுற்றிலும் தெறிக்கச் செய்யும். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகம் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், சரியாகக் கழுவப்படாத கைகளை ஒத்த நிலையில் சோதித்தபோது, இக்கருவியின் அருகிலுள்ள காற்றில் காகிதத் துவாலையைவிட 27 மடங்கு பாக்டீரியாக்கள் காணப்பட்டன. ஆகவே சோப்பிட்டு நன்கு கழுவியபின்னரே இதனைப் பயன்படுத்துங்கள்.

எந்த முறை சிறந்தது என்பதில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆய்வுகள் சிலவற்றுக்குக் காகித உற்பத்தியாளர்களும், வேறு சிலவற்றுக்குக் கருவி உற்பத்தியாளர்களும் நிதியளித்துள்ளனர். கைகள் முழுமையாக உலர வேண்டும் என்பதில் மட்டும் இருவேறு கருத்து இல்லை.

எதுவுமே இல்லாவிடில்?

கழுவுமிடத்தில் பலருக்கும் பொதுவாகத் தொங்கும் துணியைத் தொடாதீர்கள். ஈரத் துணியில் கிருமிகள் தங்கிப் பெருகும். உடனிருப்போர் சிறிய பருத்தித் துண்டுகள் இரண்டு மூன்றைத் தூய உறையில் வைத்துக்கொள்வது நலம். கைக்கென ஒதுக்கியதை முகம் துடைக்கவோ, மேசை துடைக்கவோ பயன்படுத்த வேண்டா. நாள்தோறும் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள்.

துண்டும் இல்லையெனில், நீரை வடியவிட்டு, கைகள் காற்றில் உலரும்வரை காத்திருங்கள். கட்டிலருகே உள்ள சானிடைசரை உலர்ந்த கையில்தான் தடவ வேண்டும். ஈரக் கையில் அது நீர்த்துப்போகும். 20 முதல் 30 வினாடிகள், கைகள் உலரும்வரை தேய்க்க வேண்டும். நோயாளிக்கு வயிற்றுப்போக்கு இருப்பின், சானிடைசரை மட்டும் நம்பாமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள்.

கழிப்பறையில் காகிதம் தீர்ந்திருந்தால், செவிலியரிடமோ தூய்மைப் பணியாளரிடமோ தயங்காது கூறுங்கள். அது குறை கூறுவதாகாது. அடுத்து வரும் நோயாளிக்கும் செய்யும் உதவியாகும். கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் எடுக்குமுன் ஒருமுறை விரல்களைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருப்பின், கஞ்சி இன்னும் அரை நிமிடம் காத்திருக்கலாம்.