மலைத் தோட்டத்தில் படம் பிடிப்போம்



வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்று நான்கு பருவங்களைப் பாடநூல்களில் படிக்கிறோம். கேமரன் மலையில் அப்படிப்பட்ட பருவங்கள் கிடையா. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே குளிர்ச்சிதான். ஆயினும் நமக்கும் பருவங்கள் உண்டு. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகும். ஜனவரி, பிப்ரவரியில் வானம் ஓரளவு வெளுக்கும். தேயிலைக்கே உரிய பருவமும் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வெட்டும்போது சரிவெல்லாம் வெறும் குச்சியாக நிற்கும். பிறகு துளிர்விட்டு மீண்டும் பச்சை மூடும். வீட்டு வாசலில் ஒரே இடத்தில் நின்று மாதம் ஒரு படம் எடுத்துவந்தால், இந்த மாற்றம் முழுவதையும் பிள்ளைகள் வரிசையாகப் பார்க்கலாம்.

இதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். கைப்பேசியே போதும். மூடுபனியில் அதன் கண்ணாடியில் ஈரம் படியும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிட்டு எடுக்க வேண்டும். பிற்பகலில் மழை பிடித்துக்கொள்வது வழக்கமாதலால் காலை நேரமே நல்லது. பூவைப் படம் பிடிக்க உச்சி வெயில் ஆகாது. வெள்ளைப் பூ வெளிறிப் போகும். இதழின் நரம்பு தெரியாது. மேகம் மூடிய வெளிச்சத்தில் நிறம் உள்ளபடி விழும். நின்றபடி கீழே பார்த்து எடுக்காமல், குனிந்து பூவின் மட்டத்துக்கு வர வேண்டும். காற்றடித்தால் அது ஓயும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

எதைப் படம் பிடிப்பது? முதலில் தேயிலைப் பூவையே பிடிக்கலாம். கொழுந்து ஓயாமல் எடுக்கப்படுவதால் செடி அதிகம் பூப்பதில்லை. எடுக்காமல் விட்ட ஓரத்துச் செடிகளில் வெள்ளை இதழும் மஞ்சள் மகரந்தமுமாகப் பூ தலைகவிழ்ந்து தொங்கும். ஆகவே அதைக் கீழிருந்து எடுக்க வேண்டும். அடுத்து, வீட்டு முன்னால் வளரும் ஹைட்ரேஞ்சியா. புளிப்பு மண்ணில் அது நீலமாகவும், சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் இளஞ்சிவப்பாகவும் பூக்கும். இரண்டையும் எடுத்து அருகருகே வைத்தால் மண்ணைப் பற்றிய பாடமே ஆகிவிடும். பிரிஞ்சாங் மலைக்காட்டில் பூச்சியைப் பிடித்து உண்ணும் குடுவைச்செடி உண்டு. அதைப் படமாக மட்டும் கொண்டுவர வேண்டும், பறிக்கக் கூடாது. மருந்து தெளித்த பாத்திக்குள்ளும் மழையில் வழுக்கும் சரிவிலும் பிள்ளைகளைப் படத்துக்காக இறங்க விடக் கூடாது.

மலர்களைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்நாள் தொட்டு நம்மவர் உழைப்பு இம்மலையில் இருக்கிறது. கையால் கொழுந்து கிள்ளிய காலம் மாறி, கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. கூடை சுமந்த பாட்டிமார்களைச் சுற்றுலாப் பயணிகள் எத்தனையோ முறை படம் பிடித்துச் சென்றார்கள். அந்தப் படங்களில் அவர்களுடைய பெயர் இல்லை. நம் வீட்டிலோ பெயர் தெரியும், படம் இல்லை. ஆகவே பெரியவர்களிடம் அனுமதி கேட்டு, அவர்கள் வேலை செய்த இடத்திலேயே நிற்க வைத்து ஒரு படம் எடுப்போம். கைப்பேசி கெட்டால் படமும் போய்விடும். கடையில் கொடுத்து ஒரு பிரதி எடுத்து, பின்புறம் பெயர், ஊர், தோட்டம், தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிவைப்போம். பேரப்பிள்ளைகள் நாளை யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்வார்கள்.