உங்களுக்குத் தெரியுமா? பிரிவு கடல் கடந்து வந்தது, ஒற்றுமை இங்கே பிறந்தது

பேராயர்களை ஏற்கும் ஆங்கிலிக்கன் சபையும், அவர்கள் தேவையில்லை என்ற பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகளும், கூடவே மெதடிஸ்டுகளும் உலகில் முதன்முதலாக ஒரே சபையானது 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில். அதுதான் தென்னிந்தியத் திருச்சபை. 1919-இல் தரங்கம்பாடியில் கூடி இதற்கு வித்திட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள்; முன்நின்றவர் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஐரோப்பியச் சண்டைகளில் பிறந்த பிரிவுகளை நம் கிராமத்து விசுவாசிகள் ஏன் சுமக்க வேண்டும் என்ற அவர்களது கேள்வி முழுக்க நியாயமானது. இணைப்பு நாளைக் காணாமல் அசரியா 1945-இல் மறைந்தார்.

கொள்கையை விட்டுக்கொடுத்துப் பெற்ற ஒற்றுமை இது என்று அன்றே சிலர் எதிர்த்தார்கள். நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்களில் ஒரு சாரார் வெளியே நின்றார்கள். ஆனால் உண்மையில் நடந்தது வேறு. புதிய குருமார்களுக்குப் பேராயரே அபிஷேகம் செய்வார். ஏற்கெனவே ஊழியத்தில் இருந்தவர்களுக்கு மறு அபிஷேகம் கிடையாது. எந்தத் தரப்பின் பழைய ஊழியத்தையும் செல்லாதது என்று சொல்லாத ஏற்பாடு அது; அதைச் சமரசம் என்பதைவிட மரியாதை என்பதே சரி. அமைப்பு ஒன்றானதால் சாதி ஒழிந்ததா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில், இல்லை. இறையியலில் தாண்டிய சுவரைத் தெருவிலும் கல்லறைத் தோட்டத்திலும் தாண்டும் கடமை சபைக்கு இன்னும் பாக்கியிருக்கிறது.