லைனும் லயமும்

பல பொருள் குறித்த ஒருசொல் எல்லா மொழிக்கும் உரியது. நம் நிகண்டு நூலார் இதனை நன்குணர்ந்து அத்தகைய சொற்களைத் தனியே தொகுத்தனர். சூடாமணி நிகண்டின் 11ஆம் தொகுதி இதற்கென்றே அமைந்தது. 'வரி' என்னும் ஒருசொல் புலியின் உடலிலுள்ள கோடுகளையும், ஏட்டில் எழுதிய எழுத்தின் நிரையையும், அரசிறையையும், கானல்வரி போன்ற இசைப்பாட்டையும் குறித்தலை மாணவர் அறிவர். அதற்கு நேராக ஆங்கிலத்தில் நிற்கும் 'லைன்' என்னும் சொல்லின் வளமும் சிறிதன்று. அச்சொல் கண்டிச் சீமைக்கு வந்து பெற்ற பொருளொன்றை ஆராய்வதே ஈண்டு என் நோக்கம்.

'லைன்' என்பது ஆளிச் செடியைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழி வந்தது. முதலில் அது நார்நூல். பின்னர்த் தச்சன் பிடிக்கும் நூல். அதன்பின் அந்நூல் காட்டும் நேர்கோடு. மரத்தின் கோணலைத் தீர்க்கும் நூலையும் மனத்தின் கோணலைத் தீர்க்கும் நூலையும் ஒருங்கு வைத்து உவமித்த நன்னூலார் இவ்வளர்ச்சியைக் கேட்பின் மகிழ்வர் அன்றோ?

அக்கோடு நீண்டு எங்கெங்கோ சென்றது. தூண்டிற்காரனுக்கு அது கயிறு. மாலுமிக்குப் பூமத்திய ரேகை. நடிகனுக்கு மேடையிற் பேசவேண்டிய உரை. குறும்பு செய்த மாணவனுக்கு நூறு முறை எழுதவேண்டிய தண்டனை. 'ஒரு லைன் போடு' என்று ஆங்கிலேயன் கூறின், சிறு கடிதமொன்று எழுதுக என்பது பொருள். 'லைனைப் பிடித்திரு' என்பது தொலைபேசியிற் காத்திருக்கச் சொல்வது; அதுவே போர்க்களத்தில் அணி குலையாது நிற்கச் சொல்வது. கோட்டிற் கால்விரல் பொருந்த நிற்றல் என்பது இட்ட கட்டளைக்கு அடங்கி நடத்தலைக் குறிக்கும். 'கடினமான லைன்கள்' என்றாலோ, ஐயோ, போதாத காலமே என்று இரங்குவதாம்!

பிரித்தானிய இந்தியாவில் சிப்பாய்கள் தங்கிய குடிசை நிரைக்கும் 'லைன்ஸ்' என்றே பெயர். கண்டியைச் சூழ்ந்த மலைகளிலே தோட்டம் திறந்தபோது, தொழிலாளர் தங்கிய நீண்ட கட்டடங்களும் அப்பெயரையே பெற்றன. கம்பளைக்கு அணித்தான சின்னப்பிட்டியில் 1824ஆம் ஆண்டளவில் கோப்பித் தோட்டம் தோன்றியது. கோப்பி பருவப் பயிர். அதனைப் பறிக்க வந்தோருட் பலர் பருவம் முடியத் தம் ஊர் திரும்பினர். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, தேயிலை எங்கும் பரவியது. அது ஆண்டு முழுதும் கொழுந்து தருவது. ஆகவே தொழிலாளர் குடும்பத்தோடு தங்கினர். வந்து போவோர்க்கென எழுந்த கொட்டில், பிறந்து வாழ்ந்து இறக்கும் இல்லமாயிற்று.

பத்தும் பன்னிரண்டும் அறைகள் ஒரே கூரையின்கீழ் ஒட்டி நிற்கும். ஓர் அறை பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. அவ்வறை 'காம்பரா', அது போர்த்துக்கேயர் தந்த சொல். முன்றில் 'இஸ்தோப்பு', அது ஒல்லாந்தர் தந்தது. விடியலிற் பெயர் கொடுக்கக் கூடும் 'பிரட்டு' ஆங்கிலேயரின் படை அணிவகுப்பைக் குறித்த சொல். மூன்று ஆட்சியும் ஒரு சிறு வீட்டைச் சுற்றிச் சொற்களாய் நிற்கின்றன. அவர்கள் ஏடுகளிற் 'கூலி லைன்ஸ்' என்று எழுதினர். தமிழிற் கூலி என்பது உழைப்பிற்குரிய ஊதியம்; அவர்கள் எழுத்தில் உழைப்பவனே கூலியானான்.

'லைன்' மக்கள் நாவில் லயன் என்றும் லயம் என்றும் திரிந்தது. மேட்டு லயம், பணிய லயம் என இடம் பற்றிப் பெயர்களும் எழுந்தன. வடமொழி லயமோ ஒடுங்குதலையும் இசையின் கால அளவையும் குறிப்பது. இலக்கண விதிப்படி அதனை இலயம் என்றெழுதுவர். ஆலயம், வித்தியாலயம் என்னும் சொற்களைக் காட்டி, நம் லயமும் அவற்றின் வழிவந்ததே என்பாரும் உளர். இனிய கற்பனைதான், எனினும் சொல்லுக்குப் பொய்ப் பிறப்புக் கூறுதல் புலமையாகாது.

தோட்டத்திலிருந்து வந்து பயின்ற மாணவனொருவன் கையகராதியைப் புரட்டிவிட்டு, "ஐயா, இதில் தாளம் இருக்கிறது, எங்கள் வீடு இல்லையே" என்றான். அக்கேள்வி அகராதியை மட்டும் நோக்கியதன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். எஞ்சியோர்க்கு வழி திறக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அவர்தம் முகவரி லயத்து எண்ணாகவே இருந்தது.

இச்சொல் இழிவைச் சுமப்பது, இதனை விலக்கிக் 'குடியிருப்பு' என்போம் என்று சில நண்பர் கூறுகின்றனர். அவர்தம் பரிவை மதிக்கின்றேன், முடிவை ஏலேன். இழிவு சொல்லில் இல்லை, சுவரிலும் கூரையிலும் உள்ளது. பெயரை மாற்றி அறையை அப்படியே விடின், குறையை மறைத்தவராவோமேயன்றித் தீர்த்தவராகோம். 7 பேர்ச் நிலத்திலே தனி வீடுகள் எழுகின்றன; ஆயினும் லயத்திலேயே வாழ்வோர் இன்னும் பலர். அவர்க்கெல்லாம் வீடும் காணியும் உரிமையாகும் நாளில் இச்சொல் தானே வழக்கொழியும்.

அதுவரை ஆசிரியரும் அகராதி செய்வோரும் ஆற்றவேண்டிய கடன் ஒன்றுண்டு. 'லயம்: ஆங்கில லைன் என்பதன் திரிபு, மலைநாட்டுத் தோட்டங்களில் தொழிலாளர் வாழும் தொடர்வீடு' எனத் தயங்காது பொருள் எழுதுக. வகுப்பிலும் அவ்வாறே கற்பிக்க. அங்கே பிறந்த பிள்ளை தன் வீட்டின் பெயரைத் தலைநிமிர்ந்து எழுதக் கற்றபின், அவ்வீட்டை ஏன் இன்னும் மாற்றவில்லை என்று கேட்கவும் கற்கும்.