பழைய பறப்புப் பாவனையும் புதிய கிராபிக்ஸ் அட்டையும்

மதகிலிருந்து வரும் நீர் குறைவாயின், அதன் கீழுள்ள வாய்க்காலை எத்துணை அகலமாக வெட்டினாலும் வயலுக்கு வந்து சேரும் நீர் கூடுவதில்லை. சொறிக்கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் முதலிய ஊர்களில் வேளாண்மை செய்வோருக்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் அதே வயற்காரரின் வீட்டில், கணினியின் முன் அமர்ந்திருக்கும் மகன், “புதிய கிராபிக்ஸ் கார்ட் ஒன்று வாங்கித் தாருங்கள் வாப்பா, விமானம் தடங்கலின்றிப் பறக்கும்” என்று கேட்கும்பொழுது, இவ்வுண்மை பலருக்கு நினைவில் எழுவதில்லை. அந்த அட்டையின் விலையோ சிறிதன்று. சில வீடுகளில் அது ஒரு போகத்தின் மிச்சம். வேறு சில வீடுகளில் வளைகுடா நாட்டில் உழைக்கும் தமையன் அனுப்பிய பணம். ஆதலால், பழைய பறப்புப் பாவனை மென்பொருளுக்குப் புதிய அட்டை பயன் தருமா, தருமாயின் எவ்வளவு தரும் என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்னரே ஆராய்தல் நன்று.

விமானத்தில் ஏறாமலே விமானம் ஓட்டிப் பழகும் முறை புதியதன்று. அமெரிக்கரான எட்வின் லிங்க் என்பவர் 1929ஆம் ஆண்டிலேயே நிலத்தில் நிற்கும் பயிற்சிப் பொறி ஒன்றை அமைத்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பல்லாயிரம் விமானிகள் அதிற் பயின்றனர். வீட்டுக் கணினிக்கு இக்கலையைக் கொண்டுவந்தவர் புரூஸ் ஆர்ட்விக். அவருடைய ஆக்கத்தை அடியாகக் கொண்டு மைக்ரோசொப்ட் நிறுவனம் 1982இல் தன் முதலாவது பிளைட் சிமுலேட்டரை வெளியிட்டது. அந்த வரிசையில் 2006ஆம் ஆண்டு வெளிவந்த ‘பிளைட் சிமுலேட்டர் எக்ஸ்’ என்பதே இன்றுவரை பழைய கணினிகளில் மிகுதியாக ஓடுவது. அதனை ஆக்கிய பிரிவை மைக்ரோசொப்ட் 2009இல் மூடிவிட்டது. எனினும் 2014இல் வேறொரு நிறுவனத்தின் வாயிலாக அது மறுபடியும் விற்பனைக்கு வந்தது. ஆகவே ‘பழையது’ என்று நாம் கூறுவது, மறக்கப்பட்டது என்னும் பொருளில் அன்று.

இனி, திரையில் விமானம் பறப்பது எவ்வாறு என்று காண்போம். சினிமாப் படத்தைப் போலவே, ஒன்றன்பின் ஒன்றாக வரும் நிலைப்படங்களே அசைவாகத் தோன்றுகின்றன. சினிமாவில் விநாடிக்கு 24 படங்கள். ஆனால் சினிமாப் படங்கள் முன்னரே எடுக்கப்பட்டவை. பாவனையிலோ ஒவ்வொரு படமும் அந்தக் கணத்திலேயே ஆக்கப்படவேண்டும். இவ்வேலையை இருவர் பங்கிட்டுக்கொள்கின்றனர். முதலாமவர் பிராசசர் எனப்படும் மத்தியச் செயலி. இறக்கையின் மேற் செல்லும் காற்று, எஞ்சினின் விசை, வானிலை, வேறு விமானங்களின் போக்குவரத்து, கீழே நிற்கும் வீடுகளும் மரங்களும் ஆகிய யாவற்றையும் கணக்கிட்டு, இன்னதை இன்ன இடத்தில் வரைக என்று கட்டளையிடுவது அவர் பணி. இரண்டாமவர் கிராபிக்ஸ் அட்டை. அக்கட்டளைப்படி வண்ணந்தீட்டி முடிப்பது அவர் பணி.

இருவருள் எவர் தாமதிக்கின்றாரோ, அவருடைய வேகமே முழு வேலையின் வேகமாகும். உதாரணமாக, ஒரு படத்துக்கான கணக்கை முடிக்கப் பிராசசருக்கு 50 மில்லி விநாடியும், அதை வரைய அட்டைக்கு 20 மில்லி விநாடியும் செல்வதாகக் கொள்வோம். விநாடிக்கு 20 படங்களே கிடைக்கும். இருமடங்கு வேகமுள்ள அட்டையை வாங்கினால் வரையும் நேரம் 10 மில்லி விநாடியாகக் குறையும். கணக்கிடும் நேரமோ 50ஆகவே நிற்கும். விநாடிக்கு அதே 20 படங்கள்தாம். புதிய அட்டை எஞ்சிய நேரமெல்லாம் கட்டளைக்காகக் காத்திருக்கும். சிறிய மதகின் கீழே வெட்டிய அகன்ற வாய்க்கால் இதுவே.

பழைய பறப்புப் பாவனைகளில் இந்நிலை மிகுதியாகக் காணப்படுவதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. அவை திட்டமிடப்பட்ட காலத்தில், பிராசசரின் வேகம் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே செல்லும் என்று கணினி உலகம் நம்பியிருந்தது. ஆனால் வெப்பம் தடையாக நின்றது. 4 கிகாஹேட்ஸ் வேகமுள்ள பென்டியம் 4 பிராசசரை வெளியிடும் திட்டத்தை இன்டெல் நிறுவனம் 2004இல் கைவிட்டது. அதன்பின் ஒரே பிராசசருக்குள் இரண்டு, நான்கு எனப் பல கருக்களை வைக்கும் வழி பிறந்தது. பிளைட் சிமுலேட்டர் எக்ஸ் பழைய நம்பிக்கையின் பிள்ளை. 2007இல் வந்த திருத்தப் பதிப்பு, நிலத்தோற்றத்தை ஏற்றும் வேலையை மற்றைக் கருக்களுக்கும் பகிர்ந்தளித்தது உண்மையே. எனினும் தலைமையான கணக்கு ஒரே கருவின் தோளிலேயே தங்கிவிட்டது. மேலும் அது 32 பிட் மென்பொருளாதலால் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தை ஆள இயலாது. எனவே நினைவகம் போதாமல் அது இடைநடுவே நின்றுவிடும் குறையைப் புதிய அட்டை தீர்க்காது.

அப்படியாயின் அட்டையால் என்றும் பயனில்லையோ எனின், அன்று. தனியான அட்டை இல்லாது, மதர்போர்ட்டிலோ பிராசசரிலோ அடங்கிய கிராபிக்ஸை மட்டும் நம்பும் பழைய கணினியில், நடுத்தரமான ஓர் அட்டைகூடப் பெரும் மாற்றத்தைத் தரக்கூடும். பெரிய திரைக்கு மாறுவோருக்கும் அது வேண்டும். 1920க்கு 1080 என்னும் அளவிலிருந்து 3840க்கு 2160 என்னும் அளவுக்குச் சென்றால், தீட்டவேண்டிய புள்ளிகள் நான்கு மடங்காகின்றன. அடுக்கடுக்கான முகில்களும், கோடுகளின் விளிம்பை மழுப்பிச் சீராக்கும் வசதியும், ஒன்றுக்கு மேற்பட்ட திரைகளும் அட்டையின் சுமைகளே.

தம் வீட்டுக் கணினி எவ்வகையினது என்பதை அறியச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. முதலில், விநாடிக்கு இத்தனை படங்கள் போதும் என்று மென்பொருளில் இடப்பட்டிருக்கும் வரம்பை நீக்கவேண்டும். பின்பு ஷிப்ட் விசையையும் இசட் விசையையும் சேர்த்து அழுத்தினால் அந்த எண்ணிக்கை திரையில் தோன்றும். ஓரிடத்தில் விமானத்தை நிறுத்தி எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, திரையின் அளவை 1280க்கு 720 ஆகக் குறைத்து மறுபடி பார்க்கவேண்டும். புள்ளிகள் பாதிக்கும் கீழாகக் குறைந்தும் எண்ணிக்கை ஏறவில்லையாயின், தாமதம் பிராசசரிலேயே உள்ளது. அட்டைக்குப் பணம் செலவிடல் வீண். எண்ணிக்கை நன்றாக ஏறினால், அட்டை வாங்குவதில் நியாயம் உண்டு.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தையும் களையவேண்டும். விண்டோஸின் டாஸ்க் மனேஜரில் பிராசசரின் பயன்பாடு 25 வீதமே என்று கண்டு, ‘பிராசசர் சும்மா இருக்கிறது, குறை அட்டையில்தான்’ என முடிவு செய்வோர் பலர். நான்கு கருக்களில் ஒன்று முழுமூச்சாக உழைத்து, ஏனைய மூன்றும் ஓய்ந்திருந்தாலும் காட்டப்படும் கணக்கு 25 வீதமே. ஒவ்வொரு கருவையும் தனித்தனியே பார்த்தல் வேண்டும்.

பிராசசரே தாமதம் என்று கண்டபின் செய்யத்தக்கன யாவை? வீடுகளும் மரங்களும் நெருங்கித் தோன்றும் அளவையும், ஏனைய விமானங்களின் போக்குவரத்தையும் ஒருபடி குறைத்தாற் பிராசசரின் பாரம் இறங்கும். தூசி படிந்த விசிறியைத் துடைத்தலும் நன்று. ஏனெனில் சூடேறிய பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பணமே செலவிடுவதாயின், தனிக் கருவின் வேகம் மிகுந்த பிராசசருக்குச் செலவிடுவது முறை. அட்டை வாங்கத்தான் வேண்டுமென்போர், வீட்டிலுள்ள பவர் சப்ளை அதனைத் தாங்குமா என்பதைக் கடைக்காரரிடம் கேட்டறிதல் வேண்டும். அதனை மறந்தோர் இரண்டாம் முறையும் செலவு செய்ய நேரும்.

இவை யாவும் வெறும் விளையாட்டுக்கான ஆராய்ச்சி என்று தள்ளிவிடுதலும் பொருந்தாது. மட்டக்களப்பு விமான நிலையம் 2018இல் உள்நாட்டுப் பயணிகள் சேவைக்குத் திறக்கப்பட்டபின், விமானியாதல் என்பது இக்கரையோரத்துப் பிள்ளைகளுக்கு எட்டாத கனவாகத் தோன்றவில்லை. வாவிக்கரையிலுள்ள அந்த ஓடுபாதையில் பாவனையாக இறங்கிப் பழகும் மாணவன், திசைகாட்டியையும் உயரமானியையும் வாசிக்கக் கற்கிறான். படங்கள் தடக்கித் தடக்கி வருமாயின் அவன் கை தாமதமாகத் திருத்தும். தவறான பழக்கம் படியும். ஆகவே அவன் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. எது குறை என்பதை அவனையே அளந்து காட்டச் சொல்லி, அந்த எண்களைக் கண்டபின் பணத்தை எடுப்பதே பெற்றோர் செய்யத்தக்கது. எண்ணிக்கையைக் குறித்து, ஒன்றை மாற்றி, விளைவை ஒப்பிட்டு முடிவு காணும் அந்தப் பழக்கம், எந்த அட்டையையும்விட நீண்ட காலம் அவனுக்கு உதவும்.