இடைநிலைக் கணினிக்கும் சேவையகத்துக்கும் இடையே கோப்புப் பரிமாற்றம்: வழுக்களைக் கண்டறிதல்

தரவுப் பிரதிநிதித்துவம் என்னும் அலகில் பி.சி.டி. எனப்படும் துவிதக் குறிமுறைத் தசமம், அஸ்கி, எப்சிடிக், யுனிகோட் ஆகிய குறிமுறைகளை நீங்கள் கற்றிருப்பீர்கள். இவற்றுள் எப்சிடிக்கைப் பெரும்பாலான மாணவர்கள் “பெயரை மட்டும் மனனம் செய்தாற் போதும்” என்று விட்டுவிடுகின்றனர். ஆனால் அக்குறிமுறை இன்றும் பணியில் உள்ளது. அதனை அறியாத ஒருவர் ஒரு நிறுவனத்தின் சம்பளக் கணக்கையே பிழையாக்கிவிடலாம். அது எவ்வாறு நிகழும் என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

ஐ.பி.எம். நிறுவனம் 1988 ஜூன் மாதத்தில் ஏஎஸ்/400 என்னும் இடைநிலைக் கணினியை அறிமுகப்படுத்தியது. தலைமைக் கணினியை விடச் சிறியதும் நுண்கணினியை விடப் பெரியதுமான கணினி வகையே இடைநிலைக் கணினி எனப்படும். ஏஎஸ்/400 இன் பெயர் பின்னர் 2000 இல் ஐசீரிஸ் எனவும், 2006 இல் சிஸ்டம் ஐ எனவும் மாறியது. 2008 முதல் அதன் பணிசெயல் முறைமை ‘ஐபிஎம் ஐ’ என்று அழைக்கப்படுகின்றது. வங்கி, காப்புறுதி, உற்பத்தி ஆகிய துறைகளில் கணக்கு, களஞ்சிய இருப்பு, சம்பளம் போன்ற வேலைகளை இது செய்கின்றது. அதே நிறுவனங்களில் அறிக்கை, மின்னஞ்சல், இணையத்தளம் ஆகியவை விண்டோஸ் அல்லது லினக்ஸ் சேவையகங்களில் இயங்குவது வழக்கம். எனவே இரு பக்கங்களுக்கும் இடையே கோப்புகள் செல்லவேண்டும். இவ்வேலை பெரும்பாலும் இரவில், ஆளில்லாத நேரத்தில், முன்கூட்டியே எழுதிவைத்த கட்டளைத் தொடர் மூலம் தானாகவே நடைபெறும். இதனையே தன்னியக்கக் கோப்புப் பரிமாற்றம் என்கிறோம்.

இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் நெறிமுறை எஃப்.ரி.பி. ஆகும். அதன் முதல் வடிவம் 1971 இலும், இன்றும் அடிப்படையாக உள்ள வடிவம் 1985 இலும் வெளியிடப்பட்டன. எஃப்.ரி.பி. சேவையகம் ஒவ்வொரு கட்டளைக்கும் மூன்று இலக்க எண் ஒன்றைப் பதிலாகத் தரும். வழுவைத் தேடுபவருக்கு இவ்வெண்ணே முதலாவது தடயம். அதன் முதல் இலக்கத்தைக் கவனியுங்கள். 2 எனில் வேலை முடிந்தது. 3 எனில் இன்னும் ஏதோ தேவை (331 என்பது ‘கடவுச்சொல் தருக’). 4 எனில் தற்காலிகத் தடை. 5 எனில் நிரந்தர மறுப்பு. 1 எனத் தொடங்கும் எண் வேலை தொடங்கியுள்ளது என்பதை மட்டுமே கூறும்.

4 க்கும் 5 க்கும் உள்ள வேறுபாடு நடைமுறையில் மிக முக்கியமானது. 426 வந்தால் பரிமாற்றம் நடுவில் அறுந்துவிட்டது. சிறிது நேரத்தின் பின் மீண்டும் முயலலாம். 530 வந்தால் உட்புகுதல் மறுக்கப்பட்டது. அந்தப் பயனரின் கடவுச்சொல் காலாவதியாகியிருக்கலாம். அதே கடவுச்சொல்லை மீண்டும் மீண்டும் அனுப்பினால், அளவுமீறிய தவறான முயற்சிகள் என்று கருதிக் கணினி அப்பயனர் கணக்கையே முடக்கிவிடக்கூடும். இவ்விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. 452 என்பது சேமிப்பிடம் போதாது என்பதாகும். 4 இல் தொடங்கினாலும், யாராவது இடத்தை விடுவிக்கும்வரை எத்தனை முறை முயன்றும் பயனில்லை.

கட்டளைத் தொடர் முடிந்துவிட்டது என்பது கோப்பு சென்றுவிட்டது என்பதாகாது. மனிதர் ஒருவர் திரையின் முன் இருந்தால் 530 ஐக் கண்டவுடன் நிறுத்திவிடுவார். எழுதிவைத்த கட்டளைத் தொடர் அப்படியன்று. உட்புகுதல் தோல்வியடைந்தாலும் ‘கோப்பை அனுப்பு’ என்ற அடுத்த கட்டளையை அது கொடுக்கும், அதுவும் மறுக்கப்படும், இறுதியில் ‘வெளியேறு’ என்ற கட்டளைக்கு 221 என்ற பதில் கிடைக்கும். 2 இல் தொடங்குவதால் இது வெற்றிபோலத் தோன்றும். ஏஎஸ்/400 இலும் விண்டோஸிலும் உள்ள சாதாரண எஃப்.ரி.பி. கட்டளை, உள்ளே நிகழ்ந்த தோல்வியைக் கணினிக்கு அறிவிக்காமலே ‘வழமையாக முடிந்தது’ என்ற நிலையில் முடியலாம். ஆகவே பதில்கள் யாவற்றையும் ஒரு குறிப்பேட்டுக் கோப்பில் எழுதச்செய்து, அனுப்பற் கட்டளையை அடுத்து 226 அல்லது 250 வந்துள்ளதா என வேறொரு செய்நிரல் தேடிப்பார்க்கவேண்டும். இறுதி வரியை மட்டும் பார்ப்பது பயனற்றது.

உட்புகுதல் சரியாக நடந்து, கோப்பு அனுப்பும்போது மாத்திரம் தடைப்பட்டு நிற்குமாயின் தீச்சுவரைச் சந்தேகிக்க வேண்டும். எஃப்.ரி.பி. இரு இணைப்புகளைப் பயன்படுத்துகின்றது. கட்டளைகள் 21 ஆம் துறை வழியே செல்லும்; தரவுக்கு வேறோர் இணைப்பு ஏற்படுத்தப்படும். ‘செயலுறு’ முறையில் இந்த இரண்டாவது இணைப்பைச் சேவையகமே திரும்பி வந்து தொடங்கும். வெளியிலிருந்து வரும் அழைப்பைத் தீச்சுவர் தடுத்துவிடும். 425 என்ற பதில் இதன் அடையாளமாக இருக்கலாம். ‘செயலறு’ முறைக்கு மாற்றினால் இரு இணைப்புகளையும் கேட்பவரே தொடங்குவார். பெரும்பாலும் சிக்கல் தீரும்.

இதுவரை கூறியவை சத்தமிடும் வழுக்கள். சத்தமின்றி நிகழ்பவையே அதிக ஆபத்தானவை. குறிமுறைகள் பற்றிய உங்கள் பாட அறிவு இங்குதான் தேவைப்படுகின்றது.

ஏஎஸ்/400 தனது தரவுகளை எப்சிடிக்கில் வைத்திருக்கும். சேவையகங்கள் அஸ்கியையோ அதிலிருந்து வளர்ந்த குறிமுறைகளையோ பயன்படுத்தும். ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஏ’ எப்சிடிக்கில் 193, அஸ்கியில் 65. இலக்கம் 1 எப்சிடிக்கில் 241, அஸ்கியில் 49. வெற்றிடம் எப்சிடிக்கில் 64, அஸ்கியில் 32. எஃப்.ரி.பி.யில் ‘உரை’ முறையைத் தெரிவுசெய்தால் ஒவ்வொரு பைற்றும் வழியில் மாற்றப்படும். ‘துவித’ முறையில் எதுவும் மாற்றப்படாது.

உரைக் கோப்பு ஒன்று தவறுதலாகத் துவித முறையில் சென்றால் என்ன நிகழும்? எப்சிடிக் வெற்றிடமாகிய 64, அஸ்கியில் @ குறியாகும். எனவே சேவையகத்தில் கோப்பைத் திறக்கும்போது பெயர்களுக்குப் பதிலாகப் புரியாத வரியுருக்களும், வெற்றிடங்கள் இருந்த இடமெல்லாம் @ குறிகளும் காணப்படும். வரிசையாக @ குறிகள் தெரிந்தால் கோப்பு பழுதடையவில்லை, குறிமுறை மாற்றப்படவில்லை என்றே கொள்க. உரை முறையில் மீண்டும் அனுப்பினால் போதும்.

இதன் மறுதலை கொடியது. சுருக்கப்பட்ட கோப்பு, படம், ஏஎஸ்/400 இன் சேமிப்புக் கோப்பு போன்றவை உரை முறையில் சென்றால், எழுத்துகளே அல்லாத பைற்றுகளும் எழுத்துகளாகக் கருதப்பட்டு மாற்றப்படும். கோப்பின் அளவு பார்வைக்கு ஏறத்தாழச் சரியாக இருக்கும், திறக்க முடியாது.

எண்கள் உள்ள தரவுக் கோப்பில் இரு முறைகளுமே பிழையாகும் நிலை உண்டு. ஏஎஸ்/400 பணத்தொகைகளை அடிக்கடி பொதிந்த தசமமாகச் சேமிக்கும். இது நீங்கள் கற்ற பி.சி.டி.யே. ஒவ்வோர் இலக்கத்துக்கும் 4 பிற்றுகள். இறுதி 4 பிற்றுகள் குறிக்கு. 12345 என்பது 0001 0010 0011 0100 0101 1111 என 3 பைற்றுகளில் அடங்கும். இறுதியிலுள்ள 1111 நேர் எண் என்பதையும், 1101 மறை எண் என்பதையும் காட்டும். உரை முறையில் இம்மூன்று பைற்றுகளும் மூன்று வரியுருக்களாகக் கருதப்பட்டுச் சிதைந்துவிடும். துவித முறையிலோ அருகிலுள்ள பெயர்ப் புலம் எப்சிடிக்காகவே வந்து சேரும்.

இன்னொரு வகை, இலக்கத்துக்கு ஒரு பைற்று வீதம் சேமிக்கும் வலயத் தசமம் ஆகும். −125 இவ்வகையில் 11110001 11110010 11010101 எனச் சேமிக்கப்படும். குறி இறுதி இலக்கத்தின் முன்பாதியில் உள்ளது. இறுதிப் பைற்று 213 ஆகும். எப்சிடிக்கில் 213 ‘என்’ என்னும் ஆங்கில எழுத்தும் ஆகும். ஆகவே உரை முறையில் சென்ற −125, சேவையகத்தில் ‘12’ ஐ அடுத்து ‘என்’ எழுத்தாகத் தெரியும். ஒரு நிரலில் 3000, 1975, −125 இருந்தால் சரியான கூட்டுத்தொகை 4850. ஆனால் விரிதாளின் கூட்டற் சார்பு மூன்றாவது கலத்தை உரையாகக் கருதி விட்டுவிட்டு 4975 எனக் காட்டும். 226 வந்துள்ளது, வழுச் செய்தி எதுவும் இல்லை, பதிவுகளின் எண்ணிக்கையும் சரி. தொகை மட்டும் பிழை. நேர் எண்கள் எல்லாம் சரியாகவே தெரிவதால், கழிவுகள் இல்லாத மாதிரிக் கோப்பைக் கொண்டு சோதிப்பவர் இதனை ஒருபோதும் காணமாட்டார்.

இதற்கான பரிகாரம் மூலத்திலேயே செய்யப்படவேண்டும். அனுப்புமுன் எண்களைக் குறியுடன் கூடிய சாதாரண உரையாக மாற்றிக்கொள்ளவேண்டும். தரவுத்தளக் கோப்பைக் காற்புள்ளியிட்ட உரைக் கோப்பாக மாற்றும் கட்டளை ஏஎஸ்/400 இலேயே உண்டு. அதன்பின் உரை முறையில் அனுப்பினால் வழு வராது.

வரிசைப்படுத்தலும் மாறும் என்பதை இடையே சொல்லிவைக்கலாம். எப்சிடிக்கில் எழுத்துகளுக்குப் பின்னரே இலக்கங்கள் வரும். அஸ்கியில் இலக்கங்களே முதலில். இடைநிலைக் கணினியில் ஒழுங்குபடுத்திய கோப்பு சேவையகத்தில் ஒழுங்கற்றதாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

நேரம் சம்பந்தமான வழுக்களும் சத்தமின்றியே நிகழும். கோப்பு வந்துகொண்டிருக்கும்போதே பெறும் செய்நிரல் அதைத் திறந்தால், பாதிக் கோப்பையே முழுமையானதாக எண்ணி வாசித்துவிடும். எனவே தற்காலிகப் பெயரில் அனுப்பி, முழுவதும் சேர்ந்த பின் உரிய பெயருக்கு மாற்றுவது வழக்கம். அதுபோல, கோப்பை ஆக்கும் வேலை இரவு தோல்வியுற்றால் அனுப்பும் வேலை நேற்றைய கோப்பையே அனுப்பிவிடலாம். கோப்பின் முதற் பதிவில் திகதியையும் இறுதிப் பதிவில் பதிவுகளின் எண்ணிக்கை, மொத்தத் தொகை ஆகியவற்றையும் எழுதி, பெறும் பக்கத்தில் ஒப்பிட்டால் இவை யாவும் பிடிபடும். மேலே கூறிய 4975 கூடத்தான்.

எஃப்.ரி.பி. கடவுச்சொல்லை மறைகுறியாக்காமலே அனுப்புவதால், இப்போது எஸ்.எஃப்.ரி.பி. என்னும் பாதுகாப்பான முறை விரும்பப்படுகின்றது. அது 22 ஆம் துறையில் ஒரே இணைப்பில் இயங்கும். உரை முறை, துவித முறை என்ற தெரிவு வழமையாக அதில் இல்லை. எனவே குறிமுறை மாற்றத்தை நாமே தனியாகச் செய்யவேண்டும்.

மாதிரி வினா

ஒரு தொழிற்சாலையின் சம்பளக் கோப்பு இரவு 2.00 மணிக்கு ஏஎஸ்/400 இலிருந்து விண்டோஸ் சேவையகத்துக்குச் செல்லவேண்டும். குறிப்பேட்டில் 220, 331, 530, 530, 221 ஆகிய பதில்கள் இவ்வொழுங்கில் காணப்படுகின்றன. வேலை ‘வழமையாக முடிந்தது’ எனத் திரை காட்டுகின்றது.
(அ) கோப்பு சென்றதா? காரணம் தருக.
(ஆ) திரை அவ்வாறு காட்டுவது ஏன்?
(இ) தோல்வியுற்றால் தானாகவே ஐந்து முறை மீண்டும் முயலுமாறு அமைப்பது இங்கு பொருத்தமானதா?

விடை

(அ) செல்லவில்லை. 530 உட்புகுதல் மறுக்கப்பட்டதைக் காட்டுகின்றது. 226 அல்லது 250 எங்கும் இல்லை.
(ஆ) கட்டளைத் தொடர் இறுதிவரை ஓடி 221 உடன் வெளியேறியது. உள்ளே நிகழ்ந்த தோல்வி கணினிக்கு அறிவிக்கப்படவில்லை.
(இ) பொருத்தமற்றது. 5 இல் தொடங்கும் பதில் நிரந்தர மறுப்பாகும். மீண்டும் முயன்றால் பயனர் கணக்கு முடக்கப்படலாம். “பயனில்லை” என்று மட்டும் எழுதாது, கணக்கு முடக்கப்படும் ஆபத்தையும் குறிப்பிடுக. முதலில் கடவுச்சொல்லைச் சரிபார்த்துப் புதுப்பித்து, அதன்பின் ஒரு முறை கையால் இயக்கிப் பார்க்கவேண்டும்.